காருக்குள் சுருதி சேர்ப்பது எப்படி?

செலவுக்கு முன் சோதனை: வண்டியின் ஒலியமைப்பில் தோன்றும் குறைகளும் அவற்றின் நிவர்த்தியும்

இசையைக் கேட்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கும் பாக்கியம் இன்று அநேகம் பேருக்கு இல்லாமற் போய்விட்டது. சபாவுக்குப் போக மார்கழியை எதிர்பார்க்க வேண்டும். வீட்டிலோ தொலைக்காட்சியும் குழந்தைகளின் பாடமும் சமையலறை மிக்ஸியும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ஆகையால் காலையும் மாலையும் அலுவலகத்துக்குப் போய்வரும் வழியில், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனித்திருக்கும் அந்தச் சிறிது பொழுதே பலருக்குச் சங்கீதத்துக்குரிய பொழுதாக அமைந்திருக்கிறது. அந்த இடத்தில் கேட்கும் நாதம் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது ஆடம்பரம் ஆகாது; முற்றிலும் நியாயமான ஆசையே.

அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பது ஒரு தவறான நம்பிக்கை. பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டும். மாற்றியும் திருப்தி இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையர் போட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் டிக்கியில் ஒரு பெரிய சப்-ஊஃபர் பெட்டியை ஏற்ற வேண்டும் என்ற வரிசையிலேயே சிந்தனை ஓடுகிறது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், மற்ற ஊர்களில் அதுபோன்ற கடைத்தெருக்களிலும், கை நிறையப் பணத்தைக் கொடுத்துவிட்டு முன்னைக் காட்டிலும் மோசமான சப்தத்தோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் வாங்கிய சாமானில் குற்றம் இல்லை. பழுது எந்த இடத்தில் என்று நிச்சயம் செய்துகொள்ளாமல் வாங்கியதே குற்றம். ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றும், சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும், நீளம் அளக்கும் டேப் ஒன்றும், இவற்றோடு அரை நாள் ஓய்வும் இருந்தால், கார் ஒலியமைப்பின் வியாதிகளிற் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும், கண்டுபிடித்த பிறகு பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிராது என்பதுமே இக்கட்டுரையின் கட்சி.

நூறாண்டுக் கதை

ஸ்பீக்கர் என்று நாம் சொல்லும் சாதனம் இன்றைய ரூபத்தில் தோன்றி நூறாண்டு ஆகிறது. காந்தத்தின் இடைவெளிக்குள் ஒரு கம்பிச் சுருளை நிறுத்தி, அச்சுருளில் மின்சாரம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைய, அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பும் கூடவே அசைந்து காற்றைத் தள்ளும்படியான ஏற்பாட்டை, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் 1925ஆம் ஆண்டில் உலகுக்கு விவரித்தார்கள். காயில், கோன், காந்தம் என்ற அந்த மூன்று அங்கங்களே இன்று நம் கார்க் கதவுக்குள்ளும் வேலை செய்கின்றன. பொருள்கள் மேம்பட்டனவே தவிர, தத்துவம் மாறவில்லை.

1930இல் சிகாகோவில் பால் கால்வின் என்பவரின் தொழிற்சாலை, சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய கார் ரேடியோவைச் செய்து அதற்கு மோட்டரோலா என்று பெயரிட்டது. 1932இல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. 1955இல் கிறைஸ்லர் கார்களுக்காக ஃபில்கோ நிறுவனம் வால்வுகளே இல்லாத டிரான்சிஸ்டர் ரேடியோவைச் செய்தது; பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டும் பயனீர் 1984இல் காருக்கென்று செய்த சி.டி. பிளேயரும் அதற்குப் பின் வந்தன. இவை யாவும் பாட்டு எதிலிருந்து வருகிறது என்பதை மாற்றிய புதுமைகள். பாட்டு எங்கே கேட்கப்படுகிறது என்பதை யோசித்த புதுமை வேறொன்று உண்டு. வங்காளத்துச் சுதந்திரப் போராளி ஒருவரின் புதல்வரும், எம்.ஐ.டி. பேராசிரியருமான அமர் போஸ், வீட்டுக் கூடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்க, ஒரே மாடல் காரின் உட்புறமோ எல்லா வண்டிகளிலும் ஒன்றுபோலவே இருக்கிறது என்பதையும், கேட்பவர் உட்காரும் இடம் முதற்கொண்டு அங்கே நிச்சயமாகத் தெரியும் என்பதையும் கண்டு, அந்த உட்புறத்துக்கென்றே அளவெடுத்து ஓர் ஒலியமைப்பைச் செய்யலாம் என்று முடிவு கட்டினார். அவருடைய கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ பிரிவும் சேர்ந்து செய்த அமைப்பு 1983ஆம் வருஷத்து கேடிலாக் செவில் முதலிய கார்களில் இடம்பெற்றது. ஸ்பீக்கரைப் போலவே காரும் வாத்தியத்தின் ஓர் அங்கம் என்ற அந்த எண்ணத்தை ஒப்புக்கொண்டால், மேலே சொல்லப் போகிற யாவும் எளிதில் விளங்கும்.

நாம் உட்காரும் அறையின் இயல்பு

கூடத்தில் நாற்காலியை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு ஸ்பீக்கர்களையும் சம தூரத்தில் வைத்துக் கேட்க முடியும். காரிலோ, நம் நாட்டு ஓட்டுநர் வலப்புறத்தில் உட்காருகிறார். வலக் கதவின் ஸ்பீக்கர் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்திலும், இடக் கதவின் ஸ்பீக்கர் வண்டியின் மறு ஓரத்திலும் இருக்கின்றன. முன் கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் உயர்ந்த ஸ்வரங்களை எதிரொலித்துத் திருப்பி அனுப்ப, மெத்தையும் தரை விரிப்பும் அவற்றை விழுங்குகின்றன. ஒலி சாதாரண உஷ்ணத்தில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 80 ஹெர்ட்ஸ் நாதத்தின் ஓர் அலை மட்டுமே நாலே கால் மீட்டர் நீளம் இருக்கும். அந்த அலையே முழுசாக அடங்காத அறை நம் கார். ஆகவே ஆழ்ந்த நாதங்கள் அங்கே அலையாக ஓடுவதைக் காட்டிலும் காற்றழுத்தமாகத் திரண்டு, இயல்புக்கு மேல் பெருத்துக் கேட்கின்றன. இவற்றோடு டயரின் இரைச்சலும் எஞ்சினின் உறுமலும் சேர்ந்துகொள்கின்றன. இத்தனைக்கும் நடுவே சாதனம் பழுதில்லாமல் இருப்பது முதற்படி. அதை அறைக்கு இசைந்தபடி சேர்ப்பது இரண்டாவது படி. முதற்படியைத் தாண்டாமல் இரண்டாவதில் கால் வைப்பதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது.

விசாரணையின் ஒழுங்கு

பழுது பார்க்க உட்காருமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. குறை எல்லாப் பாட்டிலும் உண்டா, சிலவற்றில் மட்டும்தானா? எப்போதும் உண்டா, சில சமயங்களில்தானா? பென் டிரைவில் ஏற்றிய பழைய பாட்டு மட்டும் கரகரத்து, ரேடியோ தெளிவாகக் கேட்டால், குற்றம் அந்தப் பதிவினுடையது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே வேண்டியதில்லை. கதவைத் திறந்து மூடும்போது ஒரு பக்கத்துச் சப்தம் போய்ப் போய் வந்தால், கதவுக்கும் பாடிக்கும் இடையே ரப்பர் உறைக்குள் ஓடும் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் நிச்சயமாகச் சொல்லலாம். அதிகம் திறந்து மூடப்படுகிற டிரைவர் கதவிலேயே இக்கோளாறு அதிகம். சாவியை அணைக்கும்போதெல்லாம் டாஷ்போர்டிலுள்ள ரேடியோ செட் தன் ஸ்டேஷன்களை மறந்துவிடுமானால், எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய மஞ்சள் ஒயரும், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டிய சிவப்பு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டையுமே நிரந்தர மின்சாரத்தில் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தாலோ, செட் ஓய்வின்றி விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்யும்.

அடுத்த வேலை, குறை எந்த மூலையில் என்று கண்டுகொள்வது. இதற்காகவே செட்டில் பேலன்ஸ், ஃபேடர் என்ற இரண்டு வசதிகள் இருக்கின்றன. பேலன்ஸ் சப்தத்தை இடம் வலமாகவும், ஃபேடர் முன் பின்னாகவும் நகர்த்தும். இரண்டையும் சேர்த்து ஒரே மூலைக்குத் தள்ளினால் மற்ற மூன்று ஸ்பீக்கர்களும் அடங்கிவிட, மீதமுள்ள ஒன்றைத் தனியாக நிறுத்தி விசாரிக்கலாம். குற்றமுள்ள மூலை தெரிந்த பிறகு, செட்டின் பின்புறத்துக் கப்ளரில் அந்தப் பக்கத்து ஒயரையும் எதிர்ப் பக்கத்து ஒயரையும் மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குறை அடுத்த பக்கத்துக்குத் தாவினால் செட்டிலேயே கோளாறு. இருந்த இடத்திலேயே இருந்தால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு. எத்தனை அனுபவமுள்ள மெக்கானிக்கும் ஊகத்தால் சொல்ல முடியாத விடையை இந்தச் சிறு பரீட்சை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிடும்.

பிறகு மல்டிமீட்டர். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரின் இரு முனைகளையும் மீட்டரின் ஓம் அளவில் தொட்டால், மூன்றுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணும், கோனில் ஒரு மெல்லிய கரகரப்பும் தோன்ற வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் எரிந்து அறுந்துவிட்டது. உயர்ந்த ஸ்வரங்களுக்கான சிறிய ஸ்பீக்கராகிய ட்வீட்டரைச் சோதிக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: அதன் ஒயரில் தொடராகக் கோத்திருக்கும் சிறிய கெப்பாசிட்டர் மீட்டரின் மின்சாரத்தைத் தடுத்துவிடுவதால், நல்ல ட்வீட்டரும் செத்ததாகவே காட்டும், கெப்பாசிட்டருக்கு அப்பால் மீட்டரை வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். காயில் நன்றாக இருந்தும் பாட்டில் கரகரப்பு நீடித்தால், விரல் நுனிகளைக் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக ஊன்றி, மெதுவாக உள்ளே அமுக்கி விட வேண்டும். சப்தமின்றிப் போய் வந்தால் குற்றமில்லை. உராயும் ஒலி கேட்டால், சுருள் காந்தத்தைத் தொடுகிறது என்று பொருள். அந்த ஸ்பீக்கர் ஒன்றைத்தான் புதிதாக வாங்க வேண்டும்.

இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயர்களிலும் ஆம்ப்ளிஃபையரின் சக்தி ஓடுகிறது. பழைய கார்களில் செய்ததுபோல் மைனஸைப் பாடியில் எர்த் செய்துவிடலாம் என்று நினைப்பதும், ஒயரின் உறை தேய்ந்து தகட்டைத் தொடும்படி விட்டுவிடுவதும் செட்டின் உயிருக்கே ஆபத்து. பாட்டு நடுவில் சட்டென்று நின்று, அணைத்துப் போட்டால் மறுபடி பாடத் தொடங்கும் வண்டிகளில் இப்படியொரு தொடுதல் இருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும்.

அது தள்ளும்போது இது இழுக்கிறது

பட்டறைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு முறையீட்டை இங்கே சற்று அருகில் நின்று பார்ப்பது பிரயோஜனமானது.

“புது ஸ்பீக்கர் போட்டதிலேருந்து பாட்டுல உடம்பே இல்லே, தம்பி. பழசே தேவலைன்னு ஆயிடுச்சு” என்கிறார் வண்டிக்காரர்.

மெக்கானிக் கதவைக் கழற்றவில்லை. தபேலா நன்றாக விழும் ஒரு பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, “பேலன்ஸை மொத்தமா லெஃப்ட்ல தள்ளுங்க, சார்” என்கிறார், பாஸ் வருகிறது. “இப்ப ரைட்ல”, அங்கும் வருகிறது. “இப்ப நடுவுல வைங்க.” இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாடத் தொடங்கியதும், தனித்தனியே இருந்த பாஸ் இரண்டும் சேர்ந்து மிகுவதற்குப் பதிலாக, மாயமாக மறைந்துவிடுகிறது.

“ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, சார். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறிக் கிடக்கு. அது தள்ளும்போது இது இழுக்குது.”

இதைக் காட்டிலும் சுருக்கமான விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஒரு கோன் காற்றை முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றொரு கோன் பின்னே இழுத்தால், நீண்ட அலைகளையுடைய ஆழ்ந்த நாதங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பாடகரின் குரலும் டாஷ்போர்டின் நடுவில் நிற்காமல் எங்கேயோ சிதறிப்போகிறது. எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று காண, மெக்கானிக் செட்டைக் கழற்றிக் கப்ளரிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைப் பிரித்து, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸ் ஒயரிலும் ஒரு கணம் தொட்டு எடுக்கிறார்; ‘டப்’ என்ற ஒலியோடு கோன் வெளியே துள்ளினால் சரி, உள்ளே ஒடுங்கினால் தவறு. வலக் கதவின் கோன் உள்ளே ஒடுங்குகிறது. இரண்டு ஒயர்களை மாற்றிச் செருகியதோடு வேலை முடிந்துவிடுகிறது. தொடுதல் கணநேரத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்பதும், ட்வீட்டரில் இந்தப் பரீட்சையே வேண்டாம் என்பதும் ஞாபகத்தில் வைக்க வேண்டியவை.

எஞ்சினோடு கூடப் பாடும் ஊளை

ஆம்ப்ளிஃபையர் வைத்த வண்டிகளில் ஒரு பிரத்தியேகமான தொல்லை உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க மேல்ஸ்தாயிக்கு ஏறி, காலை எடுத்தால் இறங்கும் மெல்லிய ஊளை அது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் அதிர்வே அப்படிக் கேட்கிறது. அது பாட்டுக்குள் புகும் வழி பெரும்பாலும் எர்த்தில் இருக்கிறது. செட் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓர் இடத்திலும், ஆம்ப்ளிஃபையர் டிக்கியில் வேறோர் இடத்திலும் பாடியோடு எர்த் ஆகியிருக்க, அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே சிறிதளவு வோல்டேஜ் வித்தியாசம் ஏற்பட்டால், அந்த வித்தியாசம் இரண்டையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிளின் உறை வழியாக ஓடிப் பாட்டோடு கலந்துவிடுகிறது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. செட்டையும் ஆம்ப்ளிஃபையரையும் அணைத்து, ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிளைப் பிடுங்கிவிட்டு, மறுபடி போட்டு எஞ்சினை ஓட்டிக் கேட்க வேண்டும். ஊளை அப்போதும் இருந்தால் ஆம்ப்ளிஃபையரின் பவர் ஒயரையோ எர்த்தையோ சந்தேகிக்க வேண்டும். நின்றுவிட்டால், செட்டின் பக்கமோ கேபிள் வரும் வழியோ காரணம். எர்த் ஒயர், பிளஸ் ஒயரின் கனத்துக்குக் குறையாததாகவும், அரை மீட்டருக்கு மேற்படாத நீளமுள்ளதாகவும், பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் தகட்டில் போல்ட் வைத்து இறுக்கியதாகவும் இருக்க வேண்டும். பெயின்டின் மேலேயே இறுக்கிய எர்த் எர்த்தே ஆகாது. கடற்கரை ஊர்களில் சுரண்டிய இடமும் துருவேறும் என்பதால், இறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசுவது நல்லது. பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கமாகவும் ஆர்.சி.ஏ. கேபிள் மறு பக்கமாகவும் செல்ல வேண்டும். இந்த முறைகள் கையாளப்பட்ட வண்டியில், ஊளையை அடக்குவதாகச் சொல்லி விற்கும் ஃபில்டர்களுக்கு வேலை இராது.

இவ்விடத்தில் ஓர் உயிர்க்காப்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லும் கனத்த ஒயரில், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஒயரைக் காப்பதே அதன் நோக்கம். அது இல்லாமல் ஒயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் வண்டியே தீப்பற்றிக்கொள்ளும். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுவதும், ஏர்-பேகுக்குச் செல்லும் மஞ்சள் கப்ளர்களின் அருகே கை வைக்காமல் இருப்பதும் யாரும் மீறக் கூடாத விதிகள்.

வாட் கணக்கின் உண்மை

செட்டின் அட்டைப்பெட்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 50 வாட் என்று அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். இந்த எண்ணை வாசகர்கள் தாமே கணக்குப் போட்டுச் சோதிக்கலாம். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைக்கும் வோல்டேஜ் ஏறக்குறைய 14.4. செட்டுக்குள் வோல்டேஜை உயர்த்தும் தனி ஏற்பாடு இல்லாதபோது, அதன் ஒலி அலையின் உச்சி இந்த 14.4 வோல்ட்டைத் தாண்ட முடியாது. உச்சி 14.4 ஆனால், சீரான அலையின் சராசரி பலம் ஏறக்குறைய 10.2 வோல்ட், அதன் வர்க்கம் 104, 4 ஓம் ஸ்பீக்கருக்கு நாலால் வகுத்தால் 26 வாட். நடைமுறையில் நஷ்டங்கள் போக 20 வாட் அளவிலேயே சுத்தமான ஒலி கிடைக்கும். அப்படியானால் 50 எங்கிருந்து வந்தது? அலையின் தலை முழுவதும் தட்டையாக வெட்டுண்டு, நாதம் என்றே சொல்ல முடியாத நிலைக்கு வந்தபின் கிடைக்கும் சக்தி அது: 14.4இன் வர்க்கத்தை நாலால் வகுத்தால் 52 வாட்.

சப்தத்தைக் கடைசி வரை ஏற்றினால் பாட்டு கடூரமாக ஒலிப்பதற்கும், நல்ல ட்வீட்டர்கள் எரிந்துபோவதற்கும் இப்படி அலை வெட்டுண்ணுவதே பெரும்பாலும் காரணம். வெட்டுண்ட அலையில் மூலப் பாட்டில் இல்லாத உயர்ந்த அதிர்வுகள் உண்டாகின்றன. அவையெல்லாம் ட்வீட்டரின் நுண்ணிய காயிலுக்குப் போய் அதைச் சூடாக்குகின்றன. ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் கெயின் என்ற திருகை வால்யூம் என்று எண்ணி முழுவதும் திருப்பிவிடுவது இந்த விபத்துக்கு நேர்வழி. செட் அனுப்பும் வோல்டேஜுக்கும் ஆம்ப்ளிஃபையரின் தாங்கு திறனுக்கும் பொருத்தம் செய்வதே கெயினின் வேலை. சப்-ஊஃபர் ஆம்ப்ளிஃபையர் 4 ஓமில் 100 வாட் தருவது என்றால், நூறையும் நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 20 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட் முதலிய கூட்டல்களையெல்லாம் அணைத்து, செட்டின் வால்யூமை முக்கால் பாகத்தில் வைத்து, முழு பலத்தில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை நாதத்தை ஒலிக்கச் செய்து, மல்டிமீட்டரின் ஏ.சி. அளவில் 20 வோல்ட் காட்டும் வரை கெயினைத் திருப்பி, அங்கே நிறுத்திவிட வேண்டும். பின்னர் ஒருபோதும் அதைத் தொடவேண்டியதில்லை.

கதவும் ஒரு பெட்டியே

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. ஆனால் அந்தக் கதவின் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய துவாரங்கள் இருக்கின்றன. கோனின் முன்புறம் எழும் ஒலியும் பின்புறம் எழும் எதிர் ஒலியும் அவற்றின் வழியாகக் கலந்து, பாஸை அழித்துக்கொள்கின்றன. டோர் பேடைக் கழற்றி, வெளித் தகட்டின் உட்புறத்தில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள் தகட்டின் துவாரங்களையும் அதனாலேயே மூடி, ஸ்பீக்கரைச் சுற்றி ஃபோம் வளையம் வைத்து இறுக்கினால், அதே பழைய ஸ்பீக்கரிலிருந்து வரும் பாஸைக் கேட்டு உரிமையாளரே ஆச்சரியப்படுவார். இதில் இரண்டு கவனங்கள் தேவை. மழை நீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பானதே. அது வெளியேறக் கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகளை ஷீட்டால் அடைத்துவிட்டால், ஐப்பசி முடிவதற்குள் கதவு துருப்பிடிக்கும். உள் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு தடுப்புச் செய்யாமல் விட்டால், அந்த நீர் கால் விரிப்பை நனைத்து ஸ்பீக்கரையும் கெடுக்கும்.

அதிர்ந்து கிடுகிடுக்கும் ஒலிகளை, 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை நாதத்தை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே இருக்க, மற்றொருவர் நம்பர் பிளேட், டிக்கி மூடி, டோர் பேட் என்று ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அமுக்கியதும் அடங்கும் இடத்தில் சிறிது ஃபெல்ட் துணி ஒட்டினால் போதும்.

சுருதி சேர்க்கும் வரிசை

பழுதெல்லாம் நீங்கிய பிறகே சுருதி சேர்க்கத் தொடங்க வேண்டும். தம்புராவின் தந்தி அறுந்திருக்கையில் பிரடையைத் திருகிப் பயனில்லை. முதலில் எந்த ஸ்பீக்கர் எந்த நாதத்தைச் சுமக்க வேண்டும் என்று பங்கிட வேண்டும். கிராஸ் ஓவர் என்பது இந்தப் பங்கீடே. சப்-ஊஃபர் இருக்கும் வண்டியில், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டதை அதற்கும், மேற்பட்டதைக் கதவு ஸ்பீக்கர்களுக்கும் விட்டுத் தொடங்கலாம். ஆழ்ந்த நாதத்தின் பாரம் நீங்கியதும், கதவு ஸ்பீக்கரின் சிறிய கோன் குரலைத் தெளிவாகச் சுமக்கும்.

அடுத்தது தூரத்தின் ஈடு. இரண்டு இடங்களிலிருந்து ஒரே ஒலி வந்தால், முதலில் எட்டிய திசையிலேயே ஒலி இருப்பதாக நம் செவி தீர்மானிக்கிறது என்பதை ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் ஆராய்ந்து காட்டினார். வலக் கதவின் ஸ்பீக்கர் ஓட்டுநரின் செவிக்கு 90 சென்டிமீட்டரிலும் இடக் கதவின் ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டரிலும் இருந்தால், பாட்டு முழுவதும் வலக் காலடியிலிருந்து வருவதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் செல்லும். வித்தியாசமான 50 சென்டிமீட்டருக்குச் சுமார் ஒன்றரை மில்லி விநாடி. டைம் அலைன்மென்ட் வசதியுள்ள செட்டில் வல ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால், பாடுகிறவர் எழுந்து வந்து டாஷ்போர்டின் மேல் நிற்பதை உணரலாம். டேப்பால் அளந்து எண்ணைக் கொடுப்பது ஐந்து நிமிஷ வேலை. அதனால் விளையும் பயனோ விலை உயர்ந்த ஸ்பீக்கராலும் கிட்டாதது.

நாதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் கடைசியில்தான் வர வேண்டும். அதில் ஏற்றுவதைக் காட்டிலும் இறக்குவதே உத்தமம். ஒரு பட்டையை 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் இரட்டிப்புச் சக்தி தர வேண்டும். 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு. எல்லாப் பட்டைகளையும் நடுவில் வைத்து, உறுத்துகிற இடம் எதுவோ அதை மட்டும் சிறிது தணிக்க வேண்டும். சப்தம் குறைவாக இருக்கும்போது நம் செவிக்கு ஆழ்ந்த நாதங்கள் அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பதை பிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1933இல் அளந்து வெளியிட்டார்கள். ஆகவே, வழக்கமாக எந்த அளவு சப்தத்தில் கேட்கிறோமோ அந்த அளவிலேயே சேர்க்க வேண்டும். கடையில் உரக்க வைத்துச் சேர்த்தது வீட்டுக்கு வரும் வழியில் உப்புச் சப்பில்லாமல் போவதன் ரகசியம் இதுதான்.

சேர்த்தது சரியா என்று பரீட்சிக்க, நம்மவருக்கு மிருதங்கத்தைக் காட்டிலும் சிறந்த கருவி இல்லை. சாதாரண மேளங்களுக்கு இல்லாத ஸ்வர ஒழுங்கு மிருதங்கத்தின் வலந்தலைக்கு உண்டு என்பதை ஸர் சி. வி. ராமனே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு நல்ல தனி ஆவர்த்தனப் பதிவைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். வலந்தலையின் சாப்பு தெறித்து, ஆனால் காதைக் குத்தாமல் கேட்க வேண்டும். குத்தினால் ட்வீட்டர் மிகை. இடந்தலையின் கும்காரம் வலந்தலையோடு ஒட்டி ஒரே வாத்தியமாக முன்னாலேயே நிற்க வேண்டும். அது பிரிந்து டிக்கியிலிருந்து வந்தால் சப்-ஊஃபரின் அளவோ கிராஸ் ஓவரோ உயர்ந்திருக்கிறது. அதன் பின் இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ் கிட்டார் நடந்து செல்லும் ஏதேனும் ஒன்றைக் கேளுங்கள். படி ஏறுவதுபோல் ஒவ்வொரு ஸ்வரமும் சம பலத்தோடு விழ வேண்டும். ஏதோ ஒன்று மட்டும் பொங்கி எழுந்தால், அது பாட்டில் உள்ளது அன்று, காரின் உட்புறம் அந்த ஸ்வரத்துக்கு எதிர்முழக்கம் செய்கிறது. ஈக்வலைசரில் அந்தப் பட்டையைத் தணிக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

நன்றாகச் சேர்த்த ஒலியமைப்பு உரக்கப் பாட வேண்டிய அவசியம் இல்லாதது. அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், அதன் மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரமும் என்று எல்லை வகுத்திருக்கிறது. அக்கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே. போன செவி திரும்பி வராது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் குரல் கேட்காத அளவுக்குப் பாட்டு வைப்பதற்கோ எந்தச் சமாதானமும் இல்லை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது தொழில் நியாயத்தைப் பற்றியது. நம் ஊர்களில் சோதனைக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் இல்லை. சாமான் விற்றால்தான் கடைக்கு வருமானம். ஆகவே, ஒயரை மாற்றிச் செருகினால் தீரும் குறைக்கும் புதிய ஸ்பீக்கரே மருந்தாகச் சொல்லப்படுகிறது. இதைக் கடைக்காரரின் பேராசை என்று மட்டும் சொல்வது தர்மம் ஆகாது. நாம் கொடுக்க மறுத்த கூலியே வேறு உருவத்தில் நம்மிடம் வசூலாகிறது. எனவே அடுத்த முறை வண்டியை நிறுத்தும்போது, “என்ன புதுசா போடலாம்?” என்று கேட்காமல், “எங்கே பழுது என்று பார்த்துச் சொல்லுங்கள், பார்த்ததற்கு உண்டானதைக் கொடுத்துவிடுகிறேன்” என்று கேளுங்கள். உண்மையைச் சொல்லும் மெக்கானிக்குக்கு அந்தக் கூலியை மனமுவந்து கொடுங்கள். நம் பணத்தில் அதைக் காட்டிலும் நியாயமாகச் செலவாகும் பணம் வேறில்லை.